முத்துப்பாரும் பச்சை நத்தையும்

ஆனி பிறந்து, தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி இறங்கியதும் குற்றாலத்துக் கல்லெல்லாம் நிறம் மாறிவிடும். சாரல் பட்ட சுவர், படிக்கட்டு, கோயில் மதில், ஐந்தருவிச் சாலையோரத்துப் பாறை என்று எல்லாவற்றிலும் பாசி ஏறிவிடுகிறது. விடிகாலையில் பார்த்தால் அந்தப் பாசியின்மேல் விரல் நீளத்துக்கு ஓடில்லாத நத்தை ஒன்று வழுவழுவென்று ஊர்ந்துகொண்டிருக்கும். அட்டையென்று நினைத்துக் காலைத் தூக்கிக்கொண்டு விலகுகிறவர்கள் பலர். அது யாருடைய ரத்தத்தையும் குடிப்பதில்லை. அருவியில் குளிக்க வந்த கூட்டத்தில் அதைக் குனிந்து பார்க்க யாருக்கும் நேரமும் இல்லை.

அந்த நத்தைக்குக் கடலில் ஒரு பங்காளி இருக்கிறது. குற்றாலத்திலிருந்து அதன் வீட்டுக்குப் போகும் வழியும் ஒன்று உண்டு: தண்ணீர் போகும் வழி. அருவியில் விழுந்த நீர் சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, கங்கைகொண்டான் பக்கமாக ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணி புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. போகும்போது மலை மண்ணையும் சுமந்து செல்கிறது. பாண்டியரின் முத்துத் துறையான கொற்கை இன்று கடலைவிட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடப்பது இந்த வண்டல் செய்த வேலைதான். திருநெல்வேலி வரலாறு எழுதிய கால்டுவெல் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்து இதை விளக்கினார். கடல் விலக விலகத் துறையும் நகர்ந்தது. கொற்கை போய்க் காயல் வந்தது, அதன்பின் புன்னைக்காயல், கடைசியில் தூத்துக்குடி.

அந்தக் கரையை ஒட்டிய ஆழமில்லாத நீரில், கடற்பாசி மண்டிய இடங்களில் எலிசியா என்ற உயிரி வாழ்கிறது. பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கு உட்பட்டது. கொழுந்து வெற்றிலை ஒன்றை நடு நரம்போடு பாதி மடித்ததுபோல முதுகின் இரு ஓரங்களும் மேலே எழுந்து கூடியிருக்கும். விரித்தால் உள்ளே கிளை கிளையாக ஓடும் நரம்புகள் தெரியும். தலையில் சுருட்டிய காதுகள்போல இரண்டு உணர்கொம்புகள், அவற்றின் அடியில் கடுகைவிடச் சிறிய இரண்டு கண்கள். நிறம் பச்சை, அதுவும் இலைப் பச்சை. பாசியின்மேல் அசையாமல் இருந்தால் கண்ணுக்கு எதிரேயே காணாமல் போய்விடும்.

அது சாப்பிடும் விதத்தைப் புரிந்துகொள்ளத் தென்காசிச் சந்தையில் நுங்கு தின்னும் பிள்ளையைப் பார்த்தால் போதும். நுங்கின் கண்ணில் கட்டை விரலைக் குத்தி, வாயை வைத்து ஒரே உறிஞ்சாக உறிஞ்சுகிறான் அல்லவா? இந்த நத்தையும் அதையே செய்கிறது. மற்ற நத்தைகளின் நாக்கு அரம்போன்றது. வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான பற்கள் வைத்துச் சுரண்டித் தின்னும். இதற்கு இருப்பது ஒரே வரிசை. அதிலும் ஒரு நேரத்தில் வேலை செய்வது முன்னால் நிற்கும் ஒரே ஒரு பல். கத்திமுனைபோன்ற அந்தப் பல்லால் பாசியின் சுவரைக் குத்தித் துளைத்து, தொண்டைத் தசையை இறைப்பான்போல இயக்கி உள்ளிருக்கும் சாறு முழுவதையும் இழுத்துக்கொள்கிறது.

இப்படி உறிஞ்ச முடிவதற்குப் பாசியின் அமைப்பும் ஒரு காரணம். காலர்ப்பா, பிரையாப்சிஸ், கோடியம், ஹாலிமீடா போன்ற பச்சைப் பாசிகளின் உடம்பில் மற்றச் செடிகளில் இருப்பதுபோன்ற தடுப்புச் சுவர்கள் இல்லை. காலர்ப்பா தரையில் கொடியோடி முழக்கணக்கில் படர்ந்தாலும் அது முழுவதும் ஒரே செல். ஓரிடத்தில் குத்தினால் சாறு தானாகப் பொங்கி வரும். பாசியும் சும்மா இருப்பதில்லை, சில நிமிடங்களில் காயத்தை அடைத்துக்கொள்ளும். அதற்குள் நத்தை குடித்து முடிக்க வேண்டும்.

இந்த உயிரியைப் பற்றி நம் பக்கத்தில் முதலில் எழுதியவர்கள் நத்தையைத் தேடி வந்தவர்களில்லை, முத்தைத் தேடி வந்தவர்கள்.

மன்னார் வளைகுடாவின் முத்துக்கு வயது இரண்டாயிரத்துக்கும் மேல். கிரேக்க மாலுமிகளின் வழிகாட்டி நூலான பெரிப்ளூஸ், கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளிக்க வைத்ததைச் சொல்கிறது. பாண்டியருக்குப் பிறகு போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று அரசு மாறினாலும் வேலை மாறவில்லை. காலில் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கிக் கொண்டு பாருக்கு இறங்குவார்கள். பார் என்பது கடலடியில் சிப்பி விளையும் கற்பரப்பு. தூத்துக்குடிக்கு எதிரே தொள்ளாயிரம் பார், இலங்கைப் பக்கம் செவல் பார், பெரிய பார். இந்தப் பெயர்களை ஆங்கிலேய அதிகாரிகள் மொழிபெயர்க்கவில்லை. ‘பார்’ என்றே தங்கள் அறிக்கைகளில் எழுதினார்கள். சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் சொல்லும் கடல்கட்டிகளுக்கும் சிப்பியில் பங்கு கிடைத்தது. அவர்கள் கரையில் நிற்காவிட்டால் குளியாட்கள் கடலில் இறங்க மாட்டார்கள் என்பதால் வெள்ளைக்கார அரசும் அந்த வழக்கத்தைப் பல காலம் விட்டு வைத்தது.

ஆனால் பார் எப்போதும் விளையாது. இலங்கைப் பக்கம் 1837க்குப் பிறகு ஏறக்குறைய 17 ஆண்டுகள் முத்துக்குளிப்பே இல்லாமல் போனது. சிப்பி ஏன் மறைகிறது, எங்கே போகிறது என்று அரசுக்குத் தெரிய வேண்டியிருந்தது. 1857இல் அந்த வேலை எட்வர்ட் ஃபிரெடரிக் கெலார்ட் என்ற ராணுவ மருத்துவரிடம் வந்தது.

கெலார்ட் 1819இல் இலங்கையிலேயே பிறந்த பறங்கியர். எடின்பரோவில் மருத்துவம் படித்து, ஜிப்ரால்டரில் பணியாற்றியபோது அந்த ஊர்ச் செடிகளைப் பற்றி நூல் எழுதியவர். 1852இல் இலங்கை விலங்குகளைப் பற்றியும் ஒரு நூல் கொண்டுவந்தார். திருகோணமலையில் இருந்தபோது முத்துச் சிப்பிகளைக் கடல்நீரில் உயிரோடு வளர்த்துப் பார்த்தார். சிப்பி தன்னைக் கல்லோடு பிணைத்திருக்கும் நாரைத் தானே அறுத்துக்கொண்டு இடம் மாறும் என்பதைக் கண்ணால் கண்டு எழுதினார். சிப்பிக்குள் புகும் புழுக்களுக்கும் முத்து உண்டாவதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர். அரசு கேட்ட வேலை இவ்வளவுதான்.

அரசு கேட்காத வேலை ஒன்றையும் அவர் செய்தார். திருகோணமலைக் கடலில் கிடைத்த ஓடில்லாத நத்தைகளை நீரில் விட்டு, அவை ஊரும்போதே பார்த்து விவரித்து, வண்ணப்படமும் வரைந்தார். 1850களின் கடைசியில் கொழும்பின் ராயல் ஆசியக் கழக இதழிலும் லண்டன் இதழிலும் அவை வெளிவந்தன. எலிசியா இனத்தைச் சேர்ந்தவையும் அவர் பெயரிட்டவற்றில் உண்டு. 1860இல், நாற்பதைத் தாண்டிய சிறிது காலத்தில், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலேயே கெலார்ட் இறந்துபோனார்.

அவர் படம் வரைந்ததன் அருமை இந்த உயிரியைச் சாராயத்தில் போட்டவர்களுக்குத்தான் தெரியும். சங்கு, சோழி, சிப்பி இவற்றுக்கெல்லாம் ஓடு இருக்கிறது. கழுவிக் காயவைத்து அலமாரியில் அடுக்கினால் நூறு வருடம் கழித்தும் அடையாளம் சொல்லலாம். ஓடில்லா நத்தையைச் சாராயப் புட்டியில் இட்டால் சில நாளில் நிறம் கரைந்து, உடம்பு சுருங்கி, கடைசியில் வெளுத்த தசைத் துண்டாக நிற்கும். பச்சையாய் இருந்ததா, நீலப்புள்ளி இருந்ததா என்று புட்டியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆகவே உயிரோடிருக்கும்போது எழுதிய படம்தான் சாட்சி. குற்றாலத்துச் சித்திர சபையில் ஆடவல்லானுக்குச் செப்புத் திருமேனி இல்லை, சுவரில் எழுதிய சித்திரமாகவே இருந்து வழிபாடு பெறுகிறார். இந்த நத்தைகளின் வரலாற்றிலும் படமே மூலவர்.

அதே காலத்தில் சென்னை மாகாணத்தின் வட கோடியில், வால்டேர் கரையில், வால்டர் எலியட் என்ற அதிகாரி இதையே செய்துகொண்டிருந்தார். தமிழ் வாசகருக்கு எலியட் வேறு வகையில் அறிமுகமானவர். 1845இல் அமராவதித் தூபியில் அகழ்ந்து எடுத்த சிற்பங்கள் ‘எலியட் சலவைக்கற்கள்’ என்றே அழைக்கப்பட்டன. தென்னிந்திய நாணயங்களைப் பற்றிய அவருடைய நூல் 1886இல் வந்தது. கல்லையும் காசையும் சேர்த்தவர் கடல் நத்தையையும் சேர்த்தார், உயிரோடு இருக்கும்போதே வண்ணப்படமும் வரைவித்து வைத்தார். அந்தச் சேகரிப்பு இங்கிலாந்தின் நியூகாசிலில் இருந்த இருவரிடம் போய்ச் சேர்ந்தது.

அந்த இருவரும் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் இல்லை. ஜோஷுவா ஆல்டர் பாலாடைக்கட்டி வியாபாரக் குடும்பத்தவர். 1857இல் வங்கி முறிந்து சேமிப்பை இழந்தவர். ஆல்பனி ஹான்காக் வக்கீல் படிப்புப் படித்துத் தொழிலை விட்டவர். பிரிட்டனின் ஓடில்லாக் கடல் நத்தைகளைப் பற்றி 1845 முதல் 1855 வரை இவர்கள் வெளியிட்ட பெருநூல் அந்தத் துறைக்கே அடித்தளம். 1864இல் எலியட்டின் இந்தியச் சேகரிப்பை லண்டன் விலங்கியல் கழகத்து இதழில் விவரித்தார்கள். ஒரு புதிய இனத்துக்குக் கலிங்கா என்று பெயர் வைத்தார்கள். கலிங்க நாட்டுக் கடற்கரையில் கிடைத்ததை நியூகாசிலில் உட்கார்ந்துகொண்டு, படத்தையும் புட்டியையும் வைத்து இனம் பிரித்த காரியம் அது.

நாற்பது வருடம் கழித்து இந்தக் காகிதங்களையெல்லாம் திரும்பப் பிரித்தவர் சார்லஸ் எலியட். முன்னவருக்கு உறவினர் இல்லை, பெயர் ஒற்றுமைதான். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆங்கிலேய அரசின் ஆணையராக இருந்து 1904இல் பதவி விலகியவர். 1906இல் கெலார்ட்டின் படங்களையும் நியூகாசில் அருங்காட்சியகத்தில் இருந்த ஆல்டர், ஹான்காக் சேகரிப்பையும் ஒப்பிட்டு, தென்னிந்தியா, இலங்கைக் கடல் நத்தைகளைப் பற்றிய நீண்ட கட்டுரையை வெளியிட்டார். எது எதனுடைய பெயர், எது இரண்டு முறை பெயர் பெற்றது என்று அவிழ்த்த கட்டுரை அது. இதே எலியட்தான் பிறகு ஜப்பானில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர். 1921இல் இந்து சமயம், பௌத்தம் பற்றி மூன்று தொகுதி வரலாறு வெளியிட்டவரும் அவரே. 1931இல் தாயகம் திரும்பும் கப்பலில் இறந்தார். கடலிலேயே அவருடைய உடலை அடக்கம் செய்தார்கள். கெலார்ட்டின் படங்களுக்கு உயிர் கொடுத்தவருக்கும் கெலார்ட்டைப் போலவே கப்பலில் முடிவு வந்தது.

பெயர் வைப்பது ஒரு வேலை, குடும்பம் பிரிப்பது இன்னொரு வேலை. இந்தப் பச்சை நத்தை வகைப்பாட்டாளர்களை நிறையவே அலைக்கழித்தது. 1804இல் இங்கிலாந்தின் மாண்டேகு, எலிசியாவைக் கடல் முயல் என்ற வேறு நத்தையோடு சேர்த்தார். 1818இல் ரிசோ அதைத் தனி இனமாக்கி எலிசியா என்று பெயரிட்டார். 1824இல் பிளாக்கோபிராங்கஸ் வந்தது. ஜாவாவில் அதைக் கண்ட வான் ஹாசெல்ட் என்ற இளைஞர், கட்டுரை அச்சேறும் முன்பே அங்கே இறந்துவிட்டார். சிலவற்றுக்கு மெல்லிய ஓடு, சிலவற்றுக்கு ஓடே இல்லை, சிலவற்றின் முதுகில் விரல் விரலாக நீட்சிகள். வெளித்தோற்றத்தை வைத்து இவற்றை ஒரு குடும்பமென்று எப்படிச் சொல்வது?

விடை பல்லில் இருந்தது. பல் தேய்ந்தால் பின்னாலிருந்து புதுப் பல் முன்னுக்கு வரும். தேய்ந்த பல்லை மற்ற நத்தைகள் உதறிவிடும். இவையோ பழைய பற்களை வாய்க்கு அடியில் ஒரு சிறு பையில் சேர்த்து வைக்கின்றன. பல வகைகளில் குஞ்சாக இருந்தபோது முளைத்த முதல் பல்கூட அந்தப் பையில் கிடக்கும். வரிசையாக எடுத்து அடுக்கினால் அந்த நத்தை வளர்ந்த கதை தெரியும். 1876இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபான் ஈரிங் இந்தப் பையை அடையாளமாகக் கொண்டு இவற்றை ஒரே குலமாக்கி, பைநாக்கு என்று பொருள்படும்படி சாக்கோகிளாசா என்று பெயரிட்டார். ஏறக்குறைய அதே நேரத்தில் கோபன்ஹேகனின் ருடால்ஃப் பெர்க் என்ற மருத்துவர் அதே பொருளில் ஆஸ்கோகிளாசா என்றார். பெர்க் பகலில் பால்வினை நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்து, மிச்ச நேரத்தில் உலகத்துக் கடல் நத்தைகளையெல்லாம் அறுத்துப் பார்த்தவர். ஈரிங் வைத்த பெயர் நின்றது. இன்று 300க்கும் மேற்பட்ட வகைகள் இந்தக் குலத்தில் உண்டு. ஓடுள்ளவை ஒரு கிளை, ஓடற்றவை இன்னொரு கிளை. ஓடுள்ளவை காலர்ப்பாவைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்றே சொல்லலாம்.

அந்த ஓடுள்ள கிளையில்தான் எல்லாரையும் ஏமாற்றிய ஒன்று இருந்தது. சிப்பிபோல இரண்டு மூடிகள் கொண்ட பச்சை ஓடுகள் பல இடங்களில் கிடைத்திருந்தன. 1875இல் பெர்த்தலினியா என்று ஒரு புதைபடிவத்துக்குப் பெயரும் வைத்தார்கள். சிப்பிதான் என்று யாரும் சந்தேகப்படவில்லை. 1959இல் ஜப்பானின் கவாகுதியும் பாபாவும் காலர்ப்பாவின்மேல் அது உயிரோடு ஊர்வதைக் கண்டார்கள். இரண்டு மூடிக்கு நடுவிலிருந்து தலையும் கொம்பும் நீட்டிக்கொண்டு வந்தது நத்தை! 1975இல் இதன் இந்திய உறவு ஒன்று வால்டேரின் பெயரோடு விவரிக்கப்பட்டது. எலியட் சேகரித்த அதே கரை.

தமிழகத்தில் இந்தத் துறை மெதுவாகத்தான் நகர்ந்தது. சென்னை அருங்காட்சியகத்துக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் முத்து, சங்குக் குளிப்பைப் பார்க்க மன்னார் வளைகுடாவுக்கு வந்து, 1890இல் அதன் கடல்வாழ் உயிர்களைப் பற்றியும் எழுதினார். 1902இல் ஹெர்ட்மனும் ஹோர்னெலும் இலங்கை முத்துப்பார்களை ஆராய வந்தார்கள். ஐந்து தொகுதிகளாக வந்த அவர்களது அறிக்கையில் கடல் நத்தைகளுக்கும் இடம் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் வாசல் முத்துதான். 1927இல் சென்னை அருங்காட்சியகம் பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் கரையுயிர்களைப் பற்றித் தனித் தொகுதி வெளியிட்ட பிறகுதான் முத்தோடு தொடர்பில்லாத உயிர்களையும் அவற்றுக்காகவே பார்க்கும் வழக்கம் ஊன்றியது.

பத்து வருடம் கழித்து, 1937இல், சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த கே. வீரபத்திர ராவ் சாறுறிஞ்சி நத்தைகளான இந்தச் சாக்கோகிளாசாக் குலத்தில் ஸ்டிலிகர் என்ற இனத்தின் புதிய வகையொன்றை விவரித்தார். உடலமைப்பு, பழக்கம், முட்டையிலிருந்து குஞ்சு வளரும் விதம் எல்லாம் அந்த ஒரே கட்டுரையில் உண்டு. படத்தையும் புட்டியையும் கப்பலேற்றி அனுப்பிய காலம் போய், உயிரோடு வைத்து இங்கேயே பார்த்து எழுதிய காலம் வந்ததற்கு அந்தக் கட்டுரை அடையாளம். புதிய வகைக்கு அவர் வைத்த பெயர் கோபாலை. அந்த ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த ஆர். கோபாலய்யரின் பெயர் அது. கலிங்கம், இலங்கை, வால்டேர் என்று ஊர்ப் பெயர்கள் ஏறிய பட்டியலில் தம் மாணவர்களோடு கடற்கரைக்கு இறங்கிய ஓர் ஆசிரியரின் பெயரும் ஏறியது. 1949இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்துக்கு வந்தபின் வளைகுடா ஆய்வுக்கு நிரந்தர வீடு கிடைத்தது.

இவ்வளவு பேரும் பார்த்த பச்சை நிறம் எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் 1965 வரை பிடிபடவில்லை. உடம்பில் பாசி குடியிருக்கிறது என்றே நினைத்தார்கள். கவாகுதியும் யமாசுவும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது உள்ளே பாசி இல்லை. பாசியின் செல்லுக்குள் வெயிலைப் பிடித்து உணவு சமைக்கும் பசுங்கணிகம் மட்டும் முழுசாக நத்தையின் செல்லுக்குள் கிடந்தது. சாறு முழுவதையும் செரித்த நத்தை இதை மட்டும் செரிக்காமல் எடுத்து வைத்திருக்கிறது. 1969இல் ராபர்ட் டிரெஞ்சும் அவருடன் உழைத்தவர்களும், இடம் மாறிய பிறகும் பசுங்கணிகம் ஒளிச்சேர்க்கை செய்கிறது என்று காட்டினார்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வாழும் எலிசியா குளோரோட்டிகா ஒருமுறை தின்றுவிட்டு ஒன்பது, பத்து மாதம் வெளிச்சத்தில் காலம் தள்ளும்.

இலையாக மாறிய விலங்கு என்று உலகமே கொண்டாடியது. பாசியின் மரபணுவே நத்தைக்குள் குடியேறிவிட்டது என்றுகூட 2008இல் ஒரு குழு அறிவித்தது. 2013இல் நத்தையின் முட்டையில் தேடிப் பார்த்தபோது அப்படி எதுவும் அகப்படவில்லை. அதைத் தொடர்ந்து ஜெர்மன் ஆய்வாளர்கள் நம் கடலிலும் வாழும் பிளாக்கோபிராங்கஸ் வகையைப் பட்டினி போட்டு, சிலவற்றை வெளிச்சத்திலும் சிலவற்றை இருட்டிலும் வைத்தார்கள். இருட்டில் இருந்தவையும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்தன. அப்படியானால் பசுங்கணிகம் அடுப்பா, இல்லை பஞ்சத்துக்குச் சேர்த்து வைத்த குதிரா? வகைக்கு வகை வேறுபடும் என்பதுவரை இன்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வெயிலில் சமைத்துச் சாப்பிடும் விலங்கு என்று பாடப்புத்தகங்களும் காணொளிகளும் அடித்துச் சொல்வது அவசரம். குதிர் என்ற விளக்கத்துக்கும் சான்று இருக்கிறது.

2021இல் ஜப்பானிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. நாரா மகளிர் பல்கலைக்கழகத்தில் சயாகா மிதோ வளர்த்த எலிசியா ஒன்றின் தலை தனியாக ஊர்ந்துகொண்டிருந்தது. உடம்பைத் தானே அறுத்துக் கழற்றிவிட்டிருந்தது. உடம்போடு இதயமும் போயிற்று. எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போயிற்று. அந்தத் தலை சில மணி நேரத்தில் பாசி தின்ன ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் புது இதயம், மூன்று வாரத்தில் புது உடம்பு. கழற்றிப்போட்ட பழைய உடம்பும் பல நாள் துடித்துக்கொண்டிருந்தது, ஆனால் அதற்குத் தலை முளைக்கவில்லை.

இனிக் குற்றாலத்துக்குத் திரும்பலாம். நூற்றைம்பது வருடமாக இந்தப் பச்சை நத்தையைக் கடலின் மற்ற ஓடில்லா நத்தைகளோடு ஒரே வீட்டில் வைத்திருந்தார்கள். பார்வைக்கும் அப்படித்தான் தோன்றும். வண்ண வண்ணமாக, ஓடில்லாமல், கடலில் ஊர்பவை எல்லாம் ஒரு சாதி என்றுதானே நினைக்கத் தோன்றும்? 2010இல் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அந்த வீட்டைக் கலைத்தது. சாறுறிஞ்சிகள் உட்கார வேண்டிய இடம் நுரையீரலால் மூச்சு விடும் நத்தைகளின் பக்கம் என்று அது சொன்னது. தோட்டத்து நத்தையும், குளத்து நத்தையும், ஐந்தருவிப் பாசியில் ஊரும் ஓடில்லாத நத்தையும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை. கெலார்ட்டின் படங்களில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த வண்ண நத்தைகளைவிட, மலையில் இருப்பதே எலிசியாவுக்கு நெருங்கிய சொந்தம். தமிழில் மலைக் கல்லில் படர்வதும் பாசி, கடலில் விளைவதும் பாசி. அந்த இரண்டு பாசியின்மேலும் ஊர்பவை பங்காளிகள்.

மன்னார் வளைகுடா இன்று அந்தப் பழைய வளைகுடா இல்லை. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நடந்ததே கடைசி முத்துக்குளிப்பு. 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986இல் தேசியப் பூங்காவாயின. ஆனால் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்ததில் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. வளர்ப்புக்காக வெளியிலிருந்து கொண்டுவந்த கப்பாபைக்கஸ் என்ற செம்பாசி குருசடைத் தீவுப் பக்கம் உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்து மூடியது. அதைத் தின்று தீர்க்க இந்த நத்தையால் ஆகாது, அதன் பல் பச்சைப் பாசிக்கானது. மத்தியதரைக் கடலில் 1984இல் மொனாக்கோ அருகே காலர்ப்பா தப்பிப் பரவியபோது, அதை உறிஞ்ச வெளிநாட்டு எலிசியாவைக் கொண்டுவிடலாம் என்று அலெக்சாண்டர் மெய்னேஸ் யோசனை சொன்னார். அனுமதி கிடைக்கவில்லை. ஒரு அந்நியனை விரட்ட இன்னொரு அந்நியனைக் கூப்பிட அரசு தயங்கியது சரியான தயக்கம்தான்.

ராமநாதபுரம் கரையில் தலைமுறையாகக் கடற்பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, நீர்க்கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப் பாசியையும் கட்டைக்கோரையையும் பிடுங்கிப் பையில் போடுகிறார்கள். ஒவ்வொரு பாசிக்கும் அவர்களிடம் பெயர் உண்டு, எந்தப் பாசி எந்த மாதம் எந்தக் கல்லில் முற்றும் என்ற கணக்கும் உண்டு. கெலார்ட் முதல் இன்றைய ஆய்வாளர் வரை யாரைவிடவும் அதிக நேரம் இந்த நத்தையின் வீட்டுக்குள் இருந்தவர்கள் அவர்கள். முத்துப்பாருக்கு அவர்கள் முன்னோர் சொன்ன பெயர் ஆங்கில அறிக்கை வரை போனது. பச்சை நத்தைக்குப் போனவை கிரேக்கப் பெயரும் லத்தீன் பெயரும்தான்.

தென்காசியிலும் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் அடுத்த களப்பயணத்தில் மண்டபத்துக்கோ பாம்பனுக்கோ போகும்போது ஒரு காரியம் செய்ய வேண்டும். புட்டியைத் திறப்பதற்கு முன் அந்தப் பெண்களிடம் கைப்பேசியில் எலிசியாவின் படத்தைக் காட்டி, இதை நீங்கள் என்னவென்று கூப்பிடுவீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரை அவர்கள் சொன்ன உச்சரிப்பிலேயே குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதுங்கள். லத்தீன் பெயர் இரண்டாவது வரியில் இருக்கட்டும்.